பழைய வீட்டுக் கணினி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

புக்கிட் மேராவில் பெரியப்பா வீட்டு ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 14 டிஸ்கெட்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ‘நாடகம்’, ‘பட்டிமன்றம்’, ‘சங்க மலர்’ என்று பெரியப்பாவின் கையெழுத்து. தமிழாசிரியராக இருந்த காலத்தில், 1990களில், அவர் தட்டச்சு செய்து வைத்தவை. தாளில் பிரதி எதுவும் இல்லை. டிஸ்கெட்டைத் திறந்து பார்க்க வீட்டில் கருவியும் இல்லை.

“பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிடலாமாம்மா? எதை வாங்கணும்னு நீதான் பாத்துச் சொல்லணும்” என்றார்.

அந்தக் கேள்வியோடு தேடத் தொடங்கியபோது ஒன்று தெரிந்தது. பழைய கணினி தேடுவோர் இங்குக் குறைவில்லை. சின்ன வயதில் ஆடிய விளையாட்டை மீண்டும் ஆட விரும்புவோர், பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க நினைப்போர், சிங்கப்பூரில் செய்த பொருளைச் சேர்த்து வைப்போர் எனப் பல வகையினர் உண்டு. பலரும் முதலில் கேட்பது, “எந்த மாடல் நல்லது?” என்பதைத்தான். அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி வேறு: “எந்த வேலைக்கு?”

வேலை எது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும். மீதியை நம் வீட்டு மின்சாரமும் ஈரப்பதமும் கழித்துவிடும்.

மின்சாரமும் திரையும்

சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்செருகி, பிரிட்டனில் உள்ள அதே மூன்று முனைச் செருகி. அதனால் பிரிட்டனிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வரும் கணினியை அப்படியே பொருத்தலாம்.

ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் ஏறத்தாழ 120 வோல்ட். அந்த நாடுகளுக்காகச் செய்யப்பட்ட பழைய கணினியை நேராக நம் சுவரில் செருகினால் அடுத்த நொடியே புகை வரலாம். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் தேவை. பழைய மேசைக்கணினிகள் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிறு சிவப்புப் பொத்தான் இருக்கும். அது 230இல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

அடுத்தது திரை. 1980களின் வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டியையே திரையாகப் பயன்படுத்தின. சிங்கப்பூர், பிரிட்டன், மலேசியா மூன்றிலும் பிஏஎல் முறைதான். ஜப்பானும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறை. பிந்திய காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பல, இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்.

ஒரே பிஏஎல் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டனில் ஒலி அலைவரிசை 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும். சிங்கப்பூரில் அது 5.5 மெகாஹெர்ட்ஸ். ஆகவே பிரிட்டன் கணினியை ஆண்டெனா கம்பி வழியாக நம் பெட்டியில் இணைத்தால் படம் தெரியும், சத்தம் வராமல் போகலாம். கணினி கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்வது இதனால்தான். காம்போசிட் எனப்படும் மஞ்சள் கம்பி இணைப்பைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அதையொட்டிப் பல வீடுகளில் பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினிக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது. ஆனால் அதன் பின்மூடியைக் கழற்ற வேண்டாம். செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தேங்கி நிற்கும்.

மாடல் வாரியாக

சின்கிளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்டிரம்: 1982இல் பிரிட்டனில் வெளிவந்தது. 16 அல்லது 48 கிலோபைட் நினைவகம், ரப்பர் விசைகள், நிரல்களை ஏற்ற கேசட் டேப். சிறியது, எடை குறைவு, அலமாரியில் புத்தகம்போல வைக்கலாம். உள்ளே உள்ள உறுப்புகள் குறைவு என்பதால் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்ள ஏற்றது. விசைகளுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் காலப்போக்கில் மொறுமொறுவென ஆகி உடைந்துவிடும். புதிய தாள் இன்றும் விற்பனையில் உள்ளது. இதன் அடாப்டரில் நடுமுனை எதிர்மின்முனை. கையில் கிடைத்த 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் கணினி போய்விடும். பிள்ளைகளுக்கு இதில் கற்பிப்பது சற்றுக் கடினம். ஒரே விசைக்கு ஐந்தாறு பொருள் இருக்கும்.

கொமடோர் 64: இதுவும் 1982. 64 கிலோபைட் நினைவகம். உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றதால் உதிரிபாகமும் கிடைக்கிறது, உதவிக்கு ஆளும் கிடைக்கிறார்கள். ‘சிட்’ எனப்படும் இதன் ஒலிச் சில்லுக்காகவே வாங்குவோர் உண்டு. விளையாட்டுக்காக ஒன்றே ஒன்று வாங்குவதானால் பிஏஎல் கொமடோர் 64தான் பாதுகாப்பான தேர்வு. ஆனால், கூட வரும் பழைய அடாப்டரைப் பயன்படுத்தக் கூடாது. அது பழுதாகும்போது 5 வோல்ட்டுக்குப் பதில் கூடுதல் மின்னழுத்தத்தை அனுப்பி நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். புதிதாகச் செய்து விற்கப்படும் அடாப்டரை வாங்கிய பிறகே கணினியை உயிர்ப்பிக்க வேண்டும்.

பிபிசி மைக்ரோ: பிரிட்டிஷ் பள்ளிகளுக்காக ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் செய்தது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ என்ற பள்ளிக் கணினித் திட்டம், தொடக்கத்தில் சுமார் 250 பள்ளிகளுக்கு இந்தக் கணினியைத்தான் கொண்டுசென்றது. இந்தியாவில் படித்துவிட்டு இங்கு வந்தவர்களில் சிலர், முதன்முதலில் தொட்ட கணினி இதுவாக இருக்கலாம். உண்மையான தட்டச்சு விசைகள் கொண்டது. இதிலுள்ள பேசிக் மொழி ஒழுங்கானது. நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டு எழுதலாம். பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். மின்பகுதியில் உள்ள ‘ரிஃபா’ வகைக் கெபாசிட்டர்களை முதலிலேயே மாற்றிவிட வேண்டும். அவற்றின் மேலுறை வெடிப்பு விட்டு, ஈரம் உள்ளே போய், ஒருநாள் படாரென்று வெடித்து வீடு முழுக்க நாற்றமடிக்கும். நம் தட்பவெப்பத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது.

எம்எஸ்எக்ஸ்: 1983இல் அறிவிக்கப்பட்ட பொதுத் தரம். சோனி, பானசோனிக், பிலிப்ஸ் எனப் பல நிறுவனங்கள் ஒரே தரத்தில் கணினிகளைச் செய்தன. கார்ட்ரிட்ஜைச் செருகினால் உடனே விளையாட்டு தொடங்கும். ஜப்பான் சென்று வருவோர் ஆசைப்பட்டு வாங்கி வருவது இதைத்தான். ஜப்பானியப் பெட்டி என்றால் 100 வோல்ட், என்டிஎஸ்சி. ஐரோப்பாவுக்கான பிலிப்ஸ் மாடல்கள் நம் மின்சாரத்துக்கு ஒத்துவரும்.

அமிகா 500, அட்டாரி எஸ்டி: சற்றுப் பிந்திய தலைமுறை. அட்டாரி எஸ்டி 1985இல் வந்தது, அமிகா 500 1987இல். இரண்டிலும் சுட்டி உண்டு, 3.5 அங்குல டிஸ்கெட் உண்டு. அட்டாரியில் கீபோர்டு போன்ற இசைக்கருவிகளை நேராக இணைக்கும் ‘மிடி’ துளைகள் உள்ளன. இசை செய்பவர் வீட்டில் அதற்கு இன்றும் வேலை உண்டு. படத்துக்கும் விளையாட்டுக்கும் அமிகா. அமிகாவின் அடியில் நினைவக அட்டை செருகியிருந்தால், அதிலுள்ள பேட்டரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஐபிஎம் வகை மேசைக்கணினி: 386, 486, பெண்டியம் என்று நம் வீடுகளில் 1990களில் இருந்தவை. வாங்கி அடுக்கி வைக்க அழகில்லாத பெட்டிகள். ஆனால் வேலை செய்யும் பெட்டிகள். தமிழ்க் கோப்புகள் வைத்திருப்பவருக்கு இதுதான் விடை. அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் செய்தவை

சேகரிப்பவர்கள் தேட வேண்டியவை நம் ஊரிலேயே பிறந்தவை.

ஆப்பிள் நிறுவனம் 1981இல் அங் மோ கியோவில் தொழிற்சாலை தொடங்கியது. 1983இல் வெளிவந்த ஆப்பிள் IIஇ கணினிகள் பலவற்றின் அடியில் ‘சிங்கப்பூரில் தயாரானது’ என்ற முத்திரையைக் காணலாம். மேல்மூடியைத் திருகாணி இல்லாமலே திறக்கலாம். உள்ளே அட்டைகளைச் செருக வரிசையாக இடம் இருக்கும். ஒவ்வொரு சில்லும் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பெட்டி இல்லை. 1993 வரை உற்பத்தியில் இருந்ததால் நல்ல நிலையில் உள்ளவை இன்னும் கிடைக்கின்றன. வாங்கும்போது மின்பெட்டியின் முத்திரையைப் படியுங்கள். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பி வந்த பெட்டியாக இருந்தால் அது 230 வோல்ட்டைத் தாங்காமல் போகலாம்.

என் பெரியம்மா 1980களில் அங் மோ கியோ தொழிற்சாலை ஒன்றில் மின்னணுப் பலகைகளுக்குச் சால்டர் வைத்தவர். இந்தக் கட்டுரைக்காகப் படங்களைக் காட்டியபோது, “எத்தனை ஆயிரம் போர்டு கையில பாத்திருப்பேன். வீட்டுக்கு ஒண்ணு வாங்கணும்னு அப்ப யாருக்குத் தோணுச்சு, சம்பளமே அதுக்குப் பத்தாது” என்றார்.

ஆப்பிளுக்கான நினைவக அட்டையிலிருந்து தொடங்கிய இன்னொரு கதை கிரியேட்டிவ் டெக்னாலஜி. சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுன் பேர்ல்ஸ் சென்டரில் கணினிப் பழுதுபார்க்கும் கடையாக அதைத் தொடங்கினார். அந்நிறுவனம் 1980களின் நடுப்பகுதியில் கியூபிக் 99, கியூபிக் சிடி என்ற கணினிகளைச் செய்தது. சீன எழுத்தும் ஒலியும் அவற்றின் சிறப்பு. விற்பனை கைகொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒலி முயற்சியின் தொடர்ச்சியாக 1989இல் வெளிவந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டை உலகம் முழுக்கச் சென்றது. கியூபிக் கணினி எங்காவது கண்ணில் பட்டால் அதைப் பயன்படுத்த வாங்க வேண்டாம், பாதுகாக்க வாங்குங்கள். சவுண்ட் பிளாஸ்டர் அட்டையோ பழைய மேசைக்கணினியில் செருகி இன்றும் பயன்படுத்தக்கூடியது.

புக்கிட் மேராவாசிகளுக்கு அலெக்ஸாண்டிரா சாலையில் இருந்த எச்பி வளாகம் பழக்கமான இடம். 1970இல் சிங்கப்பூர் வந்த அந்நிறுவனத்தின் எச்பி 200எல்எக்ஸ் என்ற கையடக்கக் கணினி 1994இல் வெளிவந்தது. அதிலும் சிங்கப்பூர் முத்திரை உண்டு. சட்டைப்பையில் அடங்கும். இரண்டு சிறு பேட்டரிகளில் பழைய டாஸ் நிரல்களை ஓட்டும். மூடி இணையும் கீல் பகுதியில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இடம் இல்லாத வீட்டுக்கு இது நல்ல தேர்வு.

வீட்டில் தமிழ் டிஸ்கெட் இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் அவசரமான பகுதி இதுதான். விளையாட்டுக் கணினியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். டிஸ்கெட் அதுவரை காத்திருக்காது.

டிஸ்கெட்டில் இருப்பது காந்தப் பூச்சு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. நம் ஊர் ஈரத்தில் அதன்மேல் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த வட்டைச் செருகினால் அதுவும் கீறிப்போகும், படிக்கும் கருவியின் முனையும் அழுக்காகும். அடுத்துச் செருகும் நல்ல வட்டுக்கும் சேதம் வரும். எனவே முதலில் உலோகத் தகட்டை விலக்கி, வட்டை மெல்லச் சுற்றி, வெள்ளைப் புள்ளியோ வளையமோ தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மீட்க வழி உண்டு. ஆனால் அது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை.

சுத்தமாக இருக்கும் 3.5 அங்குல டிஸ்கெட்டுக்குப் பழைய கணினியே தேவையில்லை. யுஎஸ்பி டிஸ்கெட் கருவியை இன்றைய மடிக்கணினியில் செருகினால் போதும். செருகுவதற்கு முன் டிஸ்கெட்டின் மூலையில் உள்ள சிறு கட்டையைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள். அப்போது எதுவும் தவறுதலாக அழியாது. கோப்புகளைத் திறந்து படிக்கும் முன்பு வட்டு முழுவதையும் அப்படியே படி எடுத்து வைப்பது நல்லது.

5.25 அங்குலப் பெரிய டிஸ்கெட் என்றால் யுஎஸ்பி கருவி உதவாது. அந்த அளவுக்கான பழைய கருவியும், அதை இன்றைய கணினியோடு இணைக்கும் ‘கிரீஸ்வீசல்’ போன்ற சிறு பலகையும் வேண்டும். அல்லது இரண்டு அளவுக் கருவிகளும் பொருத்திய 386, 486 கணினி வேண்டும்.

படி எடுத்த கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து தெரியும். பயப்பட வேண்டாம். யூனிகோடு பரவலாவதற்கு முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஓர் இலக்க முறையை வைத்திருந்தது. ஒரே ‘அ’ ஒவ்வொரு மென்பொருளிலும் ஒவ்வொரு எண்ணாக இருந்தது. முரசு அஞ்சல், மயிலை, பாமினி என்று எத்தனையோ. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முன்னின்றவர்களில் சிங்கப்பூரரும் உண்டு. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயுடன் சேர்ந்து உழைத்தவரும் அவர்தான். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் என்ற தர முறைகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநாட்டில் ‘உத்தமம்’ அமைப்பு தொடங்கியது. பிறகு யூனிகோடு எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

ஆகவே பழைய கோப்பைப் படிக்க, அது எந்த எழுத்துருவில் அடித்தது என்பது தெரிய வேண்டும். அதே டிஸ்கெட்டில் எழுத்துருக் கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அக்காலத்தில் பலரும் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். தட்டச்சு செய்தவர் உயிரோடு இருந்தால் அவரைக் கேளுங்கள். எழுத்துருவின் பெயர் தெரிந்துவிட்டால், என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் அதை யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிடும்.

டாஸ் காலத்துத் தமிழ் மென்பொருளில் எழுதியது என்றால் இன்னும் ஒரு படி உண்டு. அந்த மென்பொருளே ஓடினால்தான் எழுத்து தெரியும். ‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள், இன்றைய கணினிக்குள் ஒரு பழைய கணினியை உருவாக்கித் தரும். அதிலும் ஓடாதவற்றுக்குத்தான் உண்மையான 486 தேவைப்படும்.

வாங்கும் முன் சோதனை

எந்த மாடலாக இருந்தாலும் இவற்றைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

முதலாவது, கண்முன்னே ஓடுகிறதா? “டெஸ்ட் பண்ணல, ஓடும்னு நினைக்கிறேன்” என்றால் ஓடாது என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இரண்டாவது, பேட்டரி. 386, 486 கணினிகளின் மதர்போர்டில் சிறு உருளை வடிவப் பேட்டரி ஒட்டியிருக்கும். அது கசிந்தால் பச்சையும் நீலமுமாகப் படர்ந்து செம்புத் தடங்களை அரித்துவிடும். மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் விலகிவிடுங்கள். நல்ல பலகை கிடைத்தாலும் அந்தப் பேட்டரியை அன்றே அகற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, விசைகள். ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள்.

நான்காவது, மஞ்சள் நிறம். பழைய பிளாஸ்டிக் மஞ்சளாகும். அது அழகுக் குறைதான், பழுது அல்ல. விலையைக் குறைக்கச் சொல்ல நல்ல காரணமாகவும் அமையும்.

ஐந்தாவது, மற்றச் செலவுகள். புதிய அடாப்டர், திரைக்கான கம்பி, டிஸ்கெட்டுக்குப் பதில் நினைவு அட்டையிலிருந்து நிரல்களை ஏற்றும் கருவி ஆகியவற்றின் மொத்தச் செலவு சிலநேரம் கணினியின் விலையையே எட்டிவிடும். அமிகாவுக்கும் அட்டாரிக்கும் ‘கோடெக்’, கொமடோருக்கு ‘எஸ்டி2ஐஈசி’ போன்றவை உள்ளன. இவற்றையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

எங்கே தேடுவது?

ஒரு காலத்தில் விடை எளிது. தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போனால், அப்படியே ஜாலான் புசார் பக்கம் நடந்து சுங்கை ரோடு சந்தையில் எட்டிப் பார்க்கலாம். தரையில் விரித்த சாக்கின்மேல் பழைய ரேடியோவும் கணினியும் கிடக்கும். அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது.

இப்போது பெரும்பாலான வாங்கல் விற்றல் கரோசல் போன்ற இணையத் தளங்களில் நடக்கிறது. அங்கு விற்பவர் கேட்கும் விலையை நம்ப வேண்டாம். உண்மையில் விற்றுமுடிந்த விலைகளைத் தேடிப் பார்த்து ஒப்பிடுங்கள். உதிரிபாகத்துக்கும் சால்டர் சாமான்களுக்கும் சிம் லிம் டவர் இன்னும் கைகொடுக்கிறது. சென்னைக்குப் போகிறவர்கள் ரிச்சி தெருவிலும் பார்க்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருள், சேவை வரியைக் கணக்கில் சேருங்கள். 2024 முதல் அது 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளுக்கு இறக்குமதியின்போது வரி உண்டு. அதற்குக் குறைந்த பொருளுக்கும், 2023 முதல், பதிவுபெற்ற இணையத் தளங்கள் வரியைச் சேர்த்தே வாங்குகின்றன. பழைய கணினி கனமானது. அனுப்பும் கட்டணமும் கூடும்.

எல்லாவற்றுக்கும் முன்பு சொந்தக்காரர்களிடம் கேளுங்கள். கழக வீட்டுக் கட்டில்களுக்கு அடியிலும் ஸ்டோர் ரூமிலும் இருக்கும் பெட்டிகளுக்கு இன்னும் யாரும் விலை வைக்கவில்லை.

புதிதாகச் செய்த ‘பழையது’ போதுமா?

விளையாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு நேர்மையான பதில்: போதும். 2019இல் வந்த ‘தி சி64’, 2022இல் வந்த ‘ஏ500 மினி’, 2024இல் வந்த ‘தி ஸ்பெக்டிரம்’ ஆகியவை பழைய உருவத்தில் புதிய உள்ளடக்கம் கொண்டவை. எச்டிஎம்ஐ கம்பி வழியாக இன்றைய தொலைக்காட்சியில் நேராக ஓடும். பேட்டரி கசிவோ வெடிக்கும் கெபாசிட்டரோ இல்லை. இன்னும் செலவைக் குறைக்க, இருக்கும் மடிக்கணினியிலேயே இலவச மென்பொருள் மூலம் இந்தக் கணினிகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்கலாம். எந்த மாடல் வாங்குவது என்று குழம்புபவர்கள் முதலில் இரண்டு வாரம் அப்படி ஓட்டிப் பாருங்கள். ஆசை அதற்குப் பிறகும் தணியாவிட்டால் உண்மையான பெட்டியை வாங்கலாம்.

வாங்கிய பிறகு வைக்கும் இடம் முக்கியம். வெயில் படும் சன்னல் ஓரம் வேண்டாம். சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் உள்ளிருக்கும் ஈரமே கெடுத்துவிடும். படக்கருவி வைப்போர் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பெட்டி டிஸ்கெட்டுகளுக்கு மிக நல்லது. மாதம் ஒருமுறையாவது கணினியைச் சற்று நேரம் ஓட்டுங்கள். பயனற்றுப்போனவற்றைக் குப்பைச் சரிவில் போடாமல் மின்கழிவுத் தொட்டிகளில் சேருங்கள். கொடுப்பதற்கு முன் உள்ளே டிஸ்கெட் சிக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

சுருக்கமாக

விளையாட்டுக்கு: பிஏஎல் கொமடோர் 64. சிக்கல் வேண்டாம் என்றால் புதிய ‘தி சி64’.
பிள்ளைகளுக்குக் கற்பிக்க: பிபிசி மைக்ரோ அல்லது ஆப்பிள் IIஇ.
பழுதுபார்க்கக் கற்க: ஸ்பெக்டிரம்.
இசைக்கு: அட்டாரி எஸ்டி.
சிங்கப்பூர் நினைவாக: ஆப்பிள் IIஇ, எச்பி 200எல்எக்ஸ், சவுண்ட் பிளாஸ்டர் செருகிய மேசைக்கணினி.
பழைய தமிழ்க் கோப்புகளுக்கு: முதலில் யுஎஸ்பி டிஸ்கெட் கருவி, அடுத்து டாஸ்பாக்ஸ், கடைசியில் 486 அல்லது பெண்டியம்.

பெரியப்பாவின் 14 டிஸ்கெட்டுகளில் ஒன்பதை யுஎஸ்பி கருவி படித்தது. இன்னும் இரண்டு அதற்கு மசியவில்லை. நண்பர் வீட்டில் தூசி படிந்திருந்த பெண்டியம் கணினியை இரவல் வாங்கிச் செருகியபோது அந்த இரண்டும் திறந்தன. மூன்றில் பூஞ்சணம். அவற்றை இன்னும் தொடவில்லை.

‘நாடகம்’ என்று எழுதிய டிஸ்கெட்டிலேயே எழுத்துருவும் இருந்தது. மாற்றி, அச்சிட்டு, 22 பக்கங்களை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முதல் பக்கம் முடிவதற்குள் பென்சில் கேட்டார்.

“ரெண்டு எடத்துல சந்திப்பிழை இருக்கும்மா. முப்பது வருஷமா அப்படியே கெடந்திருக்கு.”

கணினி வாங்கும் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அந்த மூன்று டிஸ்கெட்டுகளைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.